பக்கத்து பக்கத்துல ரெண்டு சிவப்புக் கோடு

வணக்கம் மக்களே, இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஸ்க்ரீன்ல ஒரு ஸ்பெக்ட்ரம், அதாவது ஒளியை அலைநீள வாரியா பிரிச்சுப் போட்ட கிராஃப் தெரியுதுல்ல, அதுல ஒட்டினாப்ல ரெண்டு முனை, இதோட அலைநீளம் 6716 ஆங்ஸ்ட்ராம், அதோடது 6731. ரெண்டுமே ஒரு எலக்ட்ரானை இழந்த சல்ஃபர் விடற சிவப்பு வெளிச்சம். எனக்கு இந்த ரெண்டு கோட்டு மேல அவ்வளவு பிரியம், ஏன்னு சொல்றேன்.

புதுசா பொறக்கற நட்சத்திரம் சுத்தியிருக்கற தட்டுல இருந்து வாயுவை இழுத்துக்கிட்டே, அதுல ஒரு பங்கை ரெண்டு பக்கமும் ஜெட்டா பீய்ச்சி அடிக்கும், செகண்டுக்கு 100, 200, 300 கிலோமீட்டர்னு போகும். அது மோதி ஒளிர்ற திட்டுகளுக்குத்தான் ஹெர்பிக்-ஹாரோன்னு பேரு. 1975-ல ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ், இதோட ஸ்பெக்ட்ரம் சூப்பர்நோவா, அதாவது வெடிச்ச நட்சத்திரத்தோட மிச்சங்கள்ல பாக்கற மாதிரியே இருக்கு, அப்போ இது அதிர்ச்சி அலைதான்னு சொன்னாரு. அதாவது வாயு ஒலியை விட வேகமா வந்து இடிக்குது, முன்னாடி இருக்கறதுக்கு ஒதுங்க நேரமே இல்ல, நசுங்கி சூடாகுது, அப்புறம் ஒளியா கொட்டி ஆறுது.

இப்போ அந்த சல்ஃபருக்கு வருவோம். எலக்ட்ரான் வந்து இடிச்சா அந்த அயனி, அதாவது எலக்ட்ரான் இழந்த அணு, ஆற்றல் கூடின மேல் நிலைக்கு போகும், ரெண்டு கோட்டுக்கும் ஆளுக்கொரு நிலை, ரெண்டு நிலையும் கிட்டத்தட்ட ஒரே உயரம், அதனால வெப்பநிலை இதுல பெருசா தலையிடாது. ஆனா 6731 விடற நிலை 20 நிமிஷத்துக்கு கிட்டக்க காத்திருந்து ஒளியை விடும், 6716 விடறது 1 மணி நேரத்துக்கு மேல காத்திருக்கும். ஒரு அயனி, ஒரு மணி நேரம், சும்மா நின்னுக்கிட்டு! வாயு அடர்த்தியா இருந்தா அதுக்குள்ள இன்னொரு எலக்ட்ரான் வந்து தட்டி, ஒளி விடாமலே கீழ இறக்கிடும், ரொம்ப நேரம் நிக்கறதுதான் அதிகமா அடி வாங்கும். அதனால கன சென்டிமீட்டருக்கு 100 எலக்ட்ரானுக்கு கீழ இருந்தா 6716 சுமார் 1.4 மடங்கு உயரமா நிக்கும், 10,000-த்தை தாண்டினா 6731-ல பாதி கூட இருக்காது. எத்தனையோ நூறு ஒளியாண்டு தள்ளி இருக்கற வாயுவோட நெருக்கத்தை ரெண்டு முனையோட உயரத்தை வச்சே அளந்துடலாம்.

இன்னொண்ணு, ஓரியன் விண்மீன் கூட்டத்துல இருக்கற எச்எச் 34 (எச்எச்னா ஹெர்பிக்-ஹாரோ) ஜெட்டை பாருங்க, பாசிமணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா இருக்கும். ஜெட் செகண்டுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுது, ஆனா முடிச்சுல ரெண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனோட 5007 பச்சைக் கோடு எடுபடவே இல்ல, அது நல்லா வரணும்னா அதிர்ச்சி வேகம் 90, 100-ஆவது வேணும். காரணம், பின்னாடி வர்ற வாயு முன்னாடி ஓடற வாயுவைத்தான் இடிக்குது, ரெண்டுக்கும் வித்தியாசம் சில பத்து கிலோமீட்டர்தான்.

இப்போ மறுபடி முதல் கிராஃபுக்கு போங்க. 6731 உயரமா இருக்கு பாருங்க, அடர்த்தி அதிகம், எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போட்டு கமென்ட்ல சொல்லுங்க.