சண்டைக்கு வெட்டாத அகழி

(காட்சி: ட்ரோன் பார்வை. புல்வெளி நடுவே சதுரமாக ஒரு பள்ளம், பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன பள்ளங்கள்)

இங்கிலாந்தில் மாடு மேயும் நிலத்தில் இப்படி ஒரு சதுரப் பள்ளத்தைப் பார்த்தால், யாரோ மண் அள்ளிய குழி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் நடுவில் வீடு இருந்தது, சுற்றி ஓடியது அகழி. இந்த மாதிரி இடங்கள் அங்கே சுமார் 6,000 தெரியவந்திருக்கின்றன. பெரும்பாலானவை 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டியவை.

அகழி என்றதும் நமக்கு முதலையும் முற்றுகையும்தான் ஞாபகம் வரும். இங்கே கதை வேறு. பல அகழிகள் திருடனைத் தடுக்கும், படையைத் தடுக்காது. கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் பக்கத்துக் களிமண்ணில் தண்ணீர் வடியாது, அதனால் சுற்றி வெட்டி அந்த மண்ணை நடுவில் கொட்டினால் வீட்டுத் தரை உயரும், ஈரமும் குறையும், கூடவே 'நானும் பெரிய மனுஷன்தான்' என்று ஊருக்குக் காட்டிக்கொள்ளலாம். எனக்கென்னவோ அந்தக் கடைசிக் காரணம்தான் பெரிது என்று தோன்றுகிறது.

(காட்சி: மதகு, அருகில்)

சரி, பக்கத்தில் இருக்கும் பள்ளங்கள்? மீன் குளங்கள். வெள்ளிக்கிழமையும் தவக்காலமும் வந்தால் இறைச்சி கிடையாது. உப்பு போட்ட ஹெர்ரிங் என்ற கடல் மீன் எல்லோருக்கும் கிடைக்கும், ஆனால் விருந்தாளி தட்டில் அன்று பிடித்த பைக் மீனோ பிரீம் மீனோ வைப்பதுதான் கௌரவம். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, களிமண் கரை போட்டு, மதகு வைத்துத் தண்ணீரைத் தேக்கினார்கள். பெரிய குளத்தில் மீன் வளரும், சமையலுக்கு வேண்டியதைச் சின்னக் குளத்தில் விட்டு வைப்பார்கள். அந்தச் சின்னக் குளத்துக்குப் பெயர் 'ஸ்டியூ'. குழம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அடைத்து வைப்பதைச் சொல்லும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சில வருஷத்துக்கு ஒருமுறை மதகைத் திறந்து வற்றவிடுவார்கள், துள்ளுகிற மீனைக் கூடையில் அள்ளுவார்கள், அப்புறம் தூர் வாரி அந்தச் சேற்றை வயலுக்கு உரமாகப் போடுவார்கள்.

அகழியிலும் மீன் விட்டவர்கள் உண்டு. கழிப்பறைக் கழிவு அந்தத் தண்ணீரில்தான் போய் விழும் என்றால், நான் தனிக் குளத்து மீனைத்தான் கேட்பேன்!

(காட்சி: வார்விக்‌ஷயர், பேடஸ்லி கிளின்டன் மாளிகை)

இந்த வீட்டில் அகழியும் இருக்கிறது, மீன் குளங்களும் இருக்கின்றன. அகழியின் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பழைய கழிவுநீர்ச் சுரங்கம். ஒரு காலத்தில் இங்கிலாந்து அரசு கத்தோலிக்கப் பாதிரியார்களை வேட்டையாடியது. 1591 அக்டோபரில் ஆட்கள் வந்து வீட்டைச் சல்லடை போட்டுச் சலித்தபோது, சில பாதிரியார்கள் அந்தச் சுரங்கத்துக்குள் கணுக்கால் தண்ணீரில் நான்கு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு போனார்கள்.