வெட்டுறது இன்ட்ரான், ஒட்டுறது செல் – சந்தேகங்களுக்கு விளக்கம்

பூஞ்சைகளோட மைட்டோகாண்ட்ரியா பத்தின வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தாங்க: "இந்த இன்ட்ரான் எல்லாம் வெட்டிச் சுமைதானே சார், பூஞ்சை ஏன் தூக்கிப் போடல?" மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு இந்தக் கேள்வி. இன்ட்ரான்னா, ஜீனுக்கு நடுவுல செருகிக்கிட்டு இருக்குற, அந்த ஜீனோட வேலைக்கு வேண்டாத டி.என்.ஏ துண்டு.

சுமைதான், மறுக்கல. மனுஷனோட மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ மொத்தமே 16,569 எழுத்து, இன்ட்ரானே கிடையாது. பட்டன் காளான்ல காக்ஸ்1ங்கிற ஒரே ஒரு ஜீன் கிட்டத்தட்ட 30,000 எழுத்து! புரதத்துக்கு வேண்டியது அதுல 2,000 கூட வராது. மிச்சம் 19 இன்ட்ரான்.

பழைய ஆளுங்களுக்கு ஒமேகா கதை ஞாபகம் இருக்கும். ஒமேகாங்கிற இன்ட்ரான் இருக்குற ஈஸ்டையும் இல்லாத ஈஸ்டையும் சேர்த்தா, பிள்ளைங்க அநேகமா எல்லாத்துலயும் ஒமேகா. எப்படி? அது தயாரிக்கிற என்சைம் 18 எழுத்து வரிசை ஒண்ணைத் தேடும். இன்ட்ரான் நுழையாத ஜீன்லதான் அந்த வரிசை உடையாம இருக்கும். அங்க வெட்டும், அதோட அதன் வேலை முடிஞ்சுது. அறுந்ததைச் சரி பண்ண வர்ற செல், பக்கத்துப் பிரதியைப் பார்த்து எழுதும். அந்தப் பிரதியில இன்ட்ரான் இருக்கே, அதையும் சேர்த்து எழுதிடும். வெட்டுறது இன்ட்ரான், ஒட்டுறது செல். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இல்லாம வாழ முடியுமான்னா, முடியும். 1980கள்லயே ஈஸ்ட் மைட்டோகாண்ட்ரியாவுல இருந்து இன்ட்ரான் மொத்தத்தையும் எடுத்துப் பார்த்தாங்க, ஈஸ்ட் சுவாசிக்கத்தான் செஞ்சுது. ஆனா ஜீனை ஆர்.என்.ஏவா நகலெடுத்ததும் அதுல இருந்து இன்ட்ரான் கழண்டுக்கும், பெரிய நஷ்டமில்ல, அப்புறம் எதுக்குத் துரத்தணும்? துரத்தினாலும், அது இருக்குற இன்னொரு பூஞ்சையோட கலந்தா திரும்ப வந்துடும்.

நீங்க கேட்டிருக்க வேண்டியது வேற: இந்தச் சுமையால பூஞ்சை மாட்டிக்கிட்டது உண்டா? அதைத்தான் சொல்லத் துடிக்கிறேன். ஸ்ட்ரோபிலுரின் வகைப் பூஞ்சைக்கொல்லி பூஞ்சை சுவாசிக்கத் தேவையான சைட்டோகுரோம் பிங்கிற மைட்டோகாண்ட்ரியா புரதத்துல போய் உட்காரும். அந்தப் புரதத்தோட 143வது இடத்துல கிளைசின்ங்கிற அமினோ அமிலம் அலனைனா மாறினா மருந்து பலிக்காது. அதுக்கு ஜீன்ல ஒரே எழுத்து மாறினாப் போதும். சாம்பல் நோய்ப் பூஞ்சைங்க மாத்திக்கிச்சு. பக்சினியா, அதாவது துரு நோய்ப் பூஞ்சைங்களால முடியல. அவங்க ஜீன்ல அந்த 143வது இடத்துக்கான எழுத்துங்க முடிஞ்ச உடனே ஒரு இன்ட்ரான் தொடங்குது. எழுத்தை மாத்தினா அது கழலாது, புரதம் வராது, பூஞ்சையே காலி. பழங்கள்ல பூசணம் பிடிக்க வைக்குற போட்ரைட்டிஸ் சினெரியாங்கிற பூஞ்சையில, அந்த இன்ட்ரான் இருக்குறது, இல்லாததுன்னு ரெண்டு வகையும் உண்டு. இல்லாத வகையிலதான் அந்த மாற்றம் வருது.