'லைனில் இருங்கள், மேடம்': ஒரு பிராங்க் காலும் அதை எடுத்தவரும்

[கறுப்புத் திரை. டெலிபோன் மணி ஒலிக்கிறது.]

2012 டிசம்பர் 4. லண்டன், விடிகாலை ஐந்தரை மணி. மேரில்போன் பகுதியில் இருக்கும் கிங் எட்வர்ட் தி செவன்த் மருத்துவமனை. அந்த நேரத்தில் ரிசப்ஷனில் ஆள் கிடையாது. போன் அடித்தால் நைட் டியூட்டியில் இருக்கும் நர்ஸ் யாராவது ஓடிவந்து எடுக்க வேண்டியதுதான். ஒருவர் எடுக்கிறார்.

மறுமுனையில் வயதான அம்மாளின் குரல், கொஞ்சம் நாடகத்தனமாக: "என் பேத்தி கேட்டிடம் பேச முடியுமா?"

நர்ஸ் சொல்கிறார்: "ஓ, சரி. கொஞ்சம் லைனில் இருங்கள், மேடம்."

இணைப்பை வார்டுக்கு மாற்றிவிடுகிறார். இந்தக் கதையில் அவர் செய்த 'தப்பு' மொத்தமே இவ்வளவுதான்.

[திரையில்: உலக வரைபடம். லண்டன் காலை 5.30. சிட்னி மாலை 4.30.]

பேசியது ராணி எலிசபெத் இல்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னியில், டூடே எஃப்எம் என்ற வானொலி நிலையத்தின் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த மெல் கிரெய்க். பக்கத்தில் மைக்கேல் கிறிஸ்டியன். அவர்தான் இளவரசர் சார்லஸ். பின்னணியில் ராணியின் நாய்கள் குரைக்க வேண்டுமே, அதற்கும் ஆள் இருந்தது. அதற்கு முந்தின நாள்தான் இளவரசர் வில்லியமின் மனைவி கேட் கர்ப்பமாக இருக்கிறார் என்றும், கடுமையான வாந்தியால் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்றும் அரண்மனை அறிவித்திருந்தது. உலகம் முழுக்க அதுதான் பேச்சு.

வார்டில் இருந்த இன்னொரு நர்ஸ் போனை எடுத்தார். பேசுவது ராணி என்று நம்பி நோயாளியின் உடல்நிலையைச் சொன்னார். என்ன சொன்னார் என்பது இணையம் முழுக்கக் கிடக்கிறது. அதை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. போனை எடுத்துக் கொடுத்த நர்ஸின் பெயரையும் சொல்லப் போவதில்லை. அது போதுமான அளவு ஒலிபரப்பாகிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாரம் நானும் அந்தப் பதிவைக் கேட்டேன், சிரித்தேன். அந்த ஆங்கில உச்சரிப்பு அவ்வளவு மோசம். எப்படி நம்பினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

எப்படி நம்பினார்கள்? நைட் ஷிஃப்ட் பார்த்தவர்களைக் கேளுங்கள். விடிகாலை ஐந்தரை என்பது உடம்பு தூங்கு தூங்கு என்று கெஞ்சும் நேரம். மாடியில் உண்மையாகவே அரச குடும்பத்துப் பெண் படுத்திருக்கிறார். உண்மையாகவே ராணி விசாரிக்கக்கூடும். இப்போது நர்ஸ் என்ன செய்வார்? "நீங்கள் ராணி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டு, அது நிஜ ராணியாக இருந்துவிட்டால்? நம் ஊரில் ஒரு தாலுகா ஆபீஸுக்குப் போன் போட்டு "கலெக்டர் ஐயா லைன்ல இருக்காங்க" என்று சொல்லிப் பாருங்கள். எடுத்தவர் முதலில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார், பிறகுதான் யோசிப்பார். இதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரிய இடத்துக் குரல் கேட்டால் தாமதிக்காதே என்று வேலையே பழக்கி வைத்திருக்கிறது. பிராங்க் கால் செய்கிறவர் பிடித்துத் தொங்குவது அந்தப் பழக்கத்தைத்தான்.

[சற்று மௌனம்.]

சிட்னிக்குத் திரும்புவோம். இது நேரலை இல்லை. இதைக் கவனியுங்கள், இனி வரும் எல்லாம் இதில்தான் தொங்குகிறது. உரையாடலைப் பதிவு செய்தார்கள். நிலையத்தின் சட்டப் பிரிவு கேட்டது, ஒப்புதல் கிடைத்தது. சில மணி நேரம் கழித்துத்தான் ஒலிபரப்பினார்கள்.

அந்தச் சில மணி நேரத்தில் ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும்: பேசிய இரண்டு பெண்களும் சம்மதித்தார்களா?

வந்திருக்கிறது என்றுதான் நிலையத்தின் வாதமே காட்டுகிறது. விவகாரம் பெரிதான பிறகு, ஒலிபரப்புவதற்கு முன்பு மருத்துவமனையை ஐந்து முறை தொடர்புகொள்ள முயன்றோம் என்று நிலையத்தின் தாய் நிறுவனமான சதர்ன் கிராஸ் ஆஸ்டெரியோ சொன்னது. எங்கள் நிர்வாகத்தில் யாரிடமும் பேசவில்லை என்று மருத்துவமனை மறுத்தது. யார் சொல்வது சரி என்று பார்ப்பது ஒரு வழி. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஐந்து முறை முயன்றீர்கள் என்றால், கேட்டாக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஐந்து முறையும் பதில் வரவில்லை என்றால் அதற்கு அர்த்தம் 'சம்மதம் இல்லை' என்பதுதானே? அவர்கள் 'சரி, போடு' என்று எடுத்துக்கொண்டார்கள். தற்காப்புக்குச் சொன்னதே ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று. நம் எஃப்எம்களிலும் பிராங்க் கால் உண்டு. பெரும்பாலும் நண்பனோ மச்சானோ நம்பரைக் கொடுத்து மாட்டிவிடுவான். ஐந்து நிமிடம் படுத்தி எடுத்த பிறகு ஆர்ஜே உடைத்துச் சொல்வார், மறுமுனை திட்டும், பிறகு சிரிக்கும். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மையான சம்மதம் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. நேயர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது அழுதுகொண்டா இருக்க முடியும்? ஆனால் சிட்னி அழைப்பில் அந்த உடைத்துச் சொல்லுதலும் கிடையாது. "ஏமாந்தீர்களா?" என்று யாரும் கேட்கவில்லை. கடைசிவரை ராணியாகவே பேசிவிட்டு வைத்துவிட்டார்கள். அந்த இரண்டு நர்ஸ்களும் பேசியது யாரிடம் என்பது அந்த அழைப்பில் அவர்களுக்குத் தெரியவே இல்லை.

அடுத்த இரண்டு நாளும் உலகம் முழுக்க அந்த ஒலிப்பதிவு ஓடியது. பின்னால் கண்டித்துத் தலையங்கம் எழுதிய ஊடகங்கள் உட்பட எல்லோரும் போட்டார்கள். நிலையம் பெருமையடித்துக்கொண்டது. டிசம்பர் 6 அன்று செய்தியாளர்கள் கேட்டபோது நிஜ சார்லஸே, "நான் ரேடியோ ஸ்டேஷன் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கிண்டலடித்தார்.

டிசம்பர் 7 அன்று, போனை எடுத்துக் கொடுத்த நர்ஸ் உயிரோடு இல்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்பது பின்னர் மரண விசாரணையில் உறுதியானது.

[திரையில்: மனம் தாளாத நேரத்தில் பேச, டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.]

அவருக்கு வயது 46. நம் பக்கத்து மாநிலத்துக்காரர். மங்களூரு, உடுப்பி வட்டாரம். கணவரும் இரண்டு பிள்ளைகளும் பிரிஸ்டலில்; வேலை நாட்களில் இவர் லண்டனில், மருத்துவமனை கொடுத்த தங்குமிடத்தில். இந்தப் பாதி வாழ்க்கை நம்மில் பல வீடுகளுக்குத் தெரிந்ததுதான். நர்ஸிங் முடித்து வெளிநாடு போன அக்காவோ சித்தியோ இல்லாத தெரு தென்னிந்தியாவில் குறைவு. டிசம்பர் 17 அன்று உடுப்பி மாவட்டம் ஷிர்வாவில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த அழைப்பு வந்து பதின்மூன்றாவது நாள்.

ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளில் ஒன்று வானொலித் தொகுப்பாளர்களைக் குற்றம் சாட்டியது, இன்னொன்று மருத்துவமனையைக் குறை சொன்னது. தான் இணைப்பைக் கொடுத்ததால்தானே சக நர்ஸ் சிக்கினார் என்று அவர் வருந்தியதும் 2014இல் லண்டனில் நடந்த விசாரணையில் வெளிவந்தது. மறுமுனையில் இருப்பவர் எப்படிப்பட்டவர், என்ன சுமையோடு இருக்கிறார் என்று போன் செய்கிறவருக்குத் தெரியாது. தெரியாது என்பதை அந்தத் தொகுப்பாளர்களும் சாக்காகச் சொன்னார்கள்: உடனே போனை வைத்துவிடுவார்கள் என்று நினைத்தோம், இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்? உண்மைதான், யாருக்கும் தெரியாது. பிறகு எதற்குத்தான் முன்கூட்டியே சம்மதம் கேட்கச் சொல்கிறது விதி? தெரியாததால்தான்.

[திரையில்: மான்ட்ரியல், 1995.]

இதற்கு முன்னால் நிஜ ராணியே ஏமாந்திருக்கிறார். 1995இல் கனடாவிலிருந்து கியூபெக் மாகாணம் பிரிவதா என்ற வாக்கெடுப்பு நெருங்கும்போது, மான்ட்ரியல் வானொலிக்காரர் பியர் பிரசார்ட் கனடா பிரதமர் ழான் கிரெத்தியன் குரலில் பேசி ராணியை லைனில் பிடித்தார். உரையாடல் ஒலிபரப்பானது. ராணிக்குக் கோபம் வந்திருக்கலாம். ஆனால் மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டு விசாரிப்பாரோ என்ற பயம் வராது. 2003இல் மயாமி வானொலிக்காரர்கள் கியூபா அதிபர் ஃபிடல் காஸ்ட்ரோவிடம் வெனிசுலா அதிபர் சாவேஸாக நடித்தார்கள். காஸ்ட்ரோ ஆத்திரப்பட்டார், அவ்வளவுதான். அமெரிக்க ஒலிபரப்பு ஆணையம் அந்த நிலையத்துக்கு 4,000 டாலர் அபராதம் போட்டது. ஒலிபரப்பப் போகிறோம் என்று முன்பே சொல்லாமல் பதிவு செய்யக்கூடாது என்பது அங்கே விதி. காஸ்ட்ரோவுக்கும் சேர்த்துத்தான்.

பெரிய மனிதர்களைச் சீண்டுவது நையாண்டி, அது ஜனநாயகத்துக்கு நல்லது என்பார்கள். நானும் ஓரளவு ஒத்துக்கொள்வேன். ஆனால் பெரிய மனிதருக்குப் போன் போட்டால் பெரிய மனிதரா எடுக்கிறார்? எடுப்பது ஆபரேட்டர், செக்யூரிட்டி, டியூட்டி நர்ஸ். சிட்னிக்காரர்கள் குறி வைத்தது கேட்டுக்கு, அப்போதைய கேம்பிரிட்ஜ் சீமாட்டிக்கு. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பதிவு செய்து, யோசிக்க நேரம் இருந்தும் ஒலிபரப்பியது டூடே எஃப்எம் மட்டும் இல்லை. 2008இல் பிபிசி ரேடியோ 2இல் ரஸ்ஸல் பிராண்டும் ஜொனதன் ராஸும் மூத்த நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் ஆன்சரிங் மெஷினில் அவருடைய பேத்தியைப் பற்றி ஆபாசமாகப் பேசி வைத்தார்கள். அதுவும் முன்பதிவுதான். ஒலிபரப்பான உடனே வந்த புகார்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு பத்திரிகை எழுதிய பிறகு பல்லாயிரம். பிராண்ட் விலகினார், ரேடியோ 2இன் தலைவரும் விலகினார், பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம். புகார்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், முதல் வாரத்தில் அங்கே தப்பே நடக்கவில்லை!

சரி, சட்டம் என்ன செய்தது?

பிரிட்டன் அரசு வழக்குத் தொடரவில்லை. ஆஸ்திரேலியாவில் இழுத்தது. நியூ சவுத் வேல்ஸில் 2007ஆம் ஆண்டின் கண்காணிப்புக் கருவிகள் சட்டம் உண்டு. தனிப்பட்ட உரையாடலைச் சம்மதம் இல்லாமல் பதிவு செய்து வெளியிடுவது அதன்படி குற்றம். டூடே எஃப்எம் அதை மீறிவிட்டது என்றது ஊடக ஒழுங்குமுறை ஆணையம். நிலையம் நீதிமன்றம் போனது. எங்களைக் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்பளிக்காதபோது ஓர் ஆணையம் எப்படிச் சொல்லலாம் என்பது வாதம். நடுவில் ஒரு சுற்று ஜெயித்தும் விட்டார்கள். 2015 மார்ச்சில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம் மாதிரி) ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உரிமம் பறிபோகவில்லை. கூடுதல் நிபந்தனைகள் வந்தன: ஊழியர்களுக்கு நெறிமுறைப் பயிற்சி, ஊடக நெறி பற்றி மூன்று மணி நேரச் சிறப்பு ஒலிபரப்பு. நிறுவனம் குறைந்தது 5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் குடும்பத்துக்கான நிதியாகத் தருவதாக முன்பே அறிவித்திருந்தது.

இந்த நிலையம் இதற்குப் புதிதும் இல்லை. 2009இல் பதினான்கு வயதுப் பெண்ணை நேரலையில் பொய் கண்டறியும் கருவியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, அவள் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லும்படி ஆனது இதே டூடே எஃப்எம்மில்தான்.

[திரையில்: ஒரு காலி ஸ்டூடியோ. மைக் விளக்கு அணைந்திருக்கிறது.]

செய்தி வந்தவுடன் முந்தின நாள் வரை சிரித்த கூட்டம் அப்படியே திரும்பியது. இரண்டு தொகுப்பாளர்களுக்கும் கொலை மிரட்டல்கள். ஒலிபரப்பலாம் என்று கையெழுத்துப் போட்டவர்கள் முகம் யாருக்கும் தெரியாது. குரல் கொடுத்தவர்கள்தான் மாட்டினார்கள். அதில் ஒரு வினோத நியாயம் இருக்கிறது: லண்டனில் நடந்ததும் அதேதான்.

அப்புறம் இருவர் பாதையும் பிரிந்தது. மைக்கேல் கிறிஸ்டியன் வேலைக்குத் திரும்பினார். 2013இல் நிறுவனமே அவருக்குத் திறமை விருது ஒன்றைக் கொடுத்து, மறுபடி கண்டனம் வாங்கிக் கட்டிக்கொண்டது. மெல் கிரெய்க் தன் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டார், சமரசமானது. ஒலிபரப்புவதற்கு முன் பதிவில் மாற்றம் செய்யலாம் என்று தான் சொன்னதாகவும் எடுபடவில்லை என்றும் அவர் தரப்பு சொன்னது. 2014 செப்டம்பரில் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் பறந்து வந்து மரண விசாரணையில் உட்கார்ந்து, அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

இந்த வீடியோவுக்காக அந்தப் பதிவை மறுபடி கேட்க வேண்டியிருந்தது. இப்போது கேட்டால் உச்சரிப்பு காதில் விழவில்லை. முழு அழைப்பில் முதல் நர்ஸின் குரல் சில விநாடிகள்தான். தூக்கக் கலக்கமோ எரிச்சலோ இல்லாத, மரியாதையான குரல். லைனில் இருங்கள், மேடம். அடுத்து இணைப்பு மாறுகிறது. வார்டில் வேறொருவர் எடுக்கிறார்.

[ஒலி நிற்கிறது.]