டார்ப்பர் கிடா வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க | கரூவிலிருந்து ஒரு செம்மறி வ்லாக்

வணக்கம் மக்களே. பின்னாடி காத்து இரைச்சல் கேக்குதுங்களா? கரூன்னு சொல்ற இந்த வறண்ட மேட்டுநிலத்துல காத்து இப்படித்தான், கொஞ்சம் பொறுத்துக்கங்க. தென்னாப்பிரிக்காவுல கிழக்கு கேப் மாகாணம், மிடில்பர்க்னு ஒரு சின்ன ஊரு. அந்த ஊருக்கு வெளிய ஒரு ஆட்டுப் பண்ணையில நின்னு பேசிட்டு இருக்கேன். பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல எங்க பக்கத்து வீட்டு அண்ணன் பக்கி, அதான் பிக்அப் வண்டி, ஓட்டிட்டு வந்து இங்க விட்டுட்டுப் போயிருக்காரு. அவரோட பாட்டனார் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல வந்தவரு. பண்ணைக்காரர் படம் எடுத்துக்கன்னுட்டாரு, பண்ணை பேரு மட்டும் வேண்டாம்னாரு. ஆட்டுத் திருட்டு இங்கயும் பெரிய தலைவலி.

போன வீடியோவுக்குக் கீழ வந்ததுல முக்கால்வாசி ஒரே கேள்விதான். "அண்ணா, ஒரு டார்ப்பர் கிடா ஊருக்கு அனுப்ப முடியுமா, என்ன விலை?" முதல்ல இதுக்கு நேரா பதில் சொல்லிடறேன். உயிரோட ஒரு ஆட்டை நாடு விட்டு நாடு அனுப்பணும்னா ரெண்டு அரசாங்கத்தோட கால்நடைத் துறையும் அனுமதி தரணும், நோய்ப் பரிசோதனை நடக்கணும், தனியா வெச்சுக் கண்காணிக்கிற காலம் இருக்கு. தனி ஆளா என்னால ஆகுற வேலை இல்லைங்க. ஆனா அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி இருக்கு: நம்ம ஆட்டை எப்படி நல்லா ஆக்குறது? அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். டார்ப்பர்ங்கிற இந்தக் கறிச் செம்மறி இனம் பொறந்ததே இந்த ஊர்லதான்.

கேமராவைத் திருப்பறேன், பாருங்க. உடம்பு வெள்ளை, தலையும் கழுத்தும் மட்டும் கருப்பு. முழு வெள்ளையாவும் ஒரு வகை இருக்கு, அதை வெள்ளை டார்ப்பர்னு சொல்றாங்க. முதுகைப் பாருங்க, எவ்வளவு அகலம். தொடையில சதை கீழ வரைக்கும் இறங்கியிருக்கு. மேல இருக்கிறது முடியும் கம்பளியும் கலந்த மெல்லிசான போர்வை, வெயில் காலத்துல தன்னால உதிர்ந்துடும். கத்தரிக்க ஆள் தேட வேண்டாம். தீனி நல்லா இருந்தா மூணரை, நாலு மாசத்துல குட்டி 36 கிலோ தொடும். வளர்ந்த கிடா 100 கிலோவையும் தாண்டும். தோலுக்கும் நல்ல விலை.

இது காட்டுல தானா உண்டான இனம் இல்லைங்க. 1930-கள்ல இந்த நாட்டு ஆட்டுக்காரங்களுக்கு ஒரு சங்கடம். இறைச்சி மிஞ்சிப் போச்சு. லண்டன்ல ஸ்மித்ஃபீல்டு இறைச்சிச் சந்தைக்கு அனுப்பினா, அங்க எடுக்க மாட்டேங்கிறான். இங்க இருந்தது கொழுப்பு வால் ஆடுங்க. கொழுப்பெல்லாம் வால்லயும் பின்பக்கத்துலயும் போய்ச் சேர்ந்துடும், தொடையில சதை கம்மி. வெள்ளைக்காரனுக்கு நியூசிலாந்துல இருந்து வர்ற உறைஞ்ச குட்டிக் கறி பழகிப் போச்சு. சரி, கரூவோட வறட்சியையும் தாங்கணும், லண்டன்காரன் கேக்குற சதையும் இருக்கணும்னு இங்கயே மிடில்பர்க்ல இருக்கிற க்ரூட்ஃபொன்டேன் வேளாண் கல்லூரியில கலப்பு போட்டுப் பார்த்தாங்க. பல கலப்பு தேறல. கடைசியில நின்னது, கருந்தலைப் பெர்சியன் பெட்டை மேல டார்செட் ஹார்ன் கிடா. 1950-ல வளர்ப்போர் சங்கமும் வந்துடுச்சு.

அந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் பாருங்க. பெர்சியன்னு பேரு, ஆனா ஆடு சோமாலியா பக்கத்து ஆடு. கம்பளி கிடையாது, முடிதான். தண்ணி கம்மியா இருந்தாலும் நடந்து மேஞ்சு பொழைச்சுக்கும். பஞ்சத்துக்குன்னு பின்பக்கத்துல கொழுப்பு சேர்த்து வெச்சிருக்கும். டார்செட் ஹார்ன் இங்கிலாந்தோட தென்மேற்குக் கரை ஆடு. கிடாவுக்கும் கொம்பு, பெட்டைக்கும் கொம்பு. அதோட பெரிய சொத்து என்னன்னா, பொதுவா குளிர்நாட்டு ஆடுங்க பகல் குறையுற காலத்துலதான் பருவத்துக்கு வரும், வருஷத்துக்கு ஒரு ஈத்து. டார்செட் மத்த மாசத்துலயும் பருவத்துக்கு வரும். அதனாலதான் நல்லாப் பராமரிச்சா டார்ப்பர்ல எட்டு மாசத்துக்கு ஒரு ஈத்து எடுக்க முடியுது. தாய் வெயிலைத் தாங்கினவ, தகப்பன் சதையைக் கொடுத்தவன். நான் சொல்ல வர்றது மொத்தமும் இதுலதான் இருக்கு. கையில இருந்த காஞ்ச நிலத்து ஆட்டை அவங்க தூக்கி எறியல. அதைத் தாயா வெச்சுக்கிட்டாங்க.

அந்தப் பக்கத்து வேலிக்குள்ள நிக்கிறது மெரினோ. கம்பளிக்கு உலகத்துலயே பெரிய பேரு. ஸ்பெயின்காரன் ரொம்ப காலம் இதை வெளிநாட்டுக்கு விடவே இல்லை. 1786-ல பிரெஞ்சு ராஜா ஒரு மந்தை வாங்கி ரம்பூய்யேல வெச்சாரு, அதுல இருந்து வந்தது ரம்பூய்யே இனம். 1789-ல ஸ்பெயின் ராஜா டச்சுக்காரங்களுக்குப் பரிசாக் கொடுத்ததுல ரெண்டு கிடாவும் நாலு பெட்டையும் இந்த நாட்டுக் கேப் பகுதிக்கு வந்து சேர்ந்துச்சு, அங்க டச்சுப் படைத் தளபதியா இருந்த கர்னல் ராபர்ட் ஜேக்கப் கார்டன்கிட்ட. பின்னால அதைத் திருப்பிக் கேட்டாங்க. வந்த ஆட்டை அனுப்பிட்டாரு, இங்க பொறந்த குட்டிகளை வெச்சுக்கிட்டாரு. அவர் செத்த பிறகு, 1797-ல, அந்த வழி வந்த ஆடுங்க கேப்புல இருந்து சிட்னிக்குக் கப்பலேறிச்சு. ஆஸ்திரேலியாவோட பேர்போன கம்பளித் தொழிலுக்கு வேர் அங்க இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதைங்க இது. ஆறு ஆட்டை ஒழுங்கா வெச்சிருந்ததால ரெண்டு நாட்டோட தலையெழுத்தே மாறிச்சு.

மெரினோ இழையோட தடிமன் 20 மைக்ரான் பக்கம் வரும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), மெல்லிசு வகை 17 கூட உண்டு. அதான் உடம்பு அரிக்காது. ஆனா கம்பளி தானா உதிராது, கத்தரிச்சே ஆகணும். தோல் மடிப்புல ஈ முட்டை வெச்சுப் புழு வைக்கும். நம்ம சமவெளி வெக்கைக்கு இது ஒத்து வராது. தமிழ்நாட்டுல நீலகிரி ஆட்டுல மெரினோ ரத்தம் இருக்கு. கோயமுத்தூர் ஆடு, டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் கலந்து குளிர்ல நிலைச்ச இனம். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவுல அதுக்குன்னே ஆராய்ச்சி நிலையம் இருக்கு. இந்த நாட்டுல கம்பளியும் கறியும் சேர்ந்து வேணும்னவங்க டோனி மெரினோன்னு ஒண்ணு எடுத்தாங்க, ஸ்டட்டர்ஹெய்ம் பக்கத்துல.

மத்த பேருங்களை வேகமா சொல்லிட்டுப் போயிடறேன். சஃபோக், இங்கிலாந்து, கருப்பு மூஞ்சி, கறிக்குக் கிடா போடுறதுக்குன்னே வெச்சிருப்பாங்க. டெக்சல், டச்சு நாட்டுத் தீவுல இருந்து வந்தது, சதை திரண்டு கொழுப்பு கம்மி. ரோம்னி, ஈர நிலத்துல குளம்பு அழுகாம நிக்கும், நியூசிலாந்துல நிறைய. கிழக்கு ஃப்ரீசியன், பாலுக்கு. கரகுல், நடு ஆசியாவுல இருந்து நமீபியாவுக்குப் போனது, பொறந்த குட்டியோட சுருள் தோலுக்காக வளர்க்கிறாங்க. எனக்கு அந்தத் தொழில்ல மனசு போகல, அதனால அதைப் பத்தி வேற வீடியோ வராது.

ஸ்காட்லாந்துல 1996-ல குளோனிங்ல, அதாவது வேற ஒரு ஆட்டோட செல்லுல இருந்து நகலா, பொறந்த டாலியும் செம்மறிதான், ஃபின் டார்செட் வகை. வயித்துல சுமந்தது கருமூஞ்சி ஸ்காட்டிஷ் ஆடு. குட்டி வெள்ளை மூஞ்சியோட வந்ததைப் பார்த்ததுமே, சுமந்தவளோட குட்டி இல்லைன்னு கண்ணாலயே சொல்லிட முடிஞ்சுது.

நம்ம நாட்டு விஷயம் ஒண்ணு சொல்றேன், காதைக் கொடுங்க. வங்காளத்துல சுந்தரவனக் காட்டுப் பக்கம் கரோல்னு ஒரு செம்மறி. 10, 14 கிலோதான் இருக்கும். சேத்துலயும் தண்ணியிலயும் நின்னு மேயும். பார்த்தா யாரும் விலை கேக்க மாட்டாங்க. ஆனா ரெண்டு குட்டி, மூணு குட்டி போடும். அதுக்குக் காரணமான மரபணு ஒண்ணு அதோட ரத்தத்துல இருக்கு. வங்காளத்து ஆடுங்க 1790-கள்லயே ஆஸ்திரேலியாவுக்குப் போச்சு. பின்னால பூரூலா மெரினோன்னு நிறையக் குட்டி போடுற மந்தையை ஆராய்ஞ்சு பார்த்தா, அதே மரபணு. மகாராஷ்டிரால ஃபல்டன்ல இருக்கிற நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோல்ல இருந்து அதை தக்காணி ஆட்டுக்குள்ள கொண்டு வந்து நாரி சுவர்ணான்னு ஒரு வகையை எடுத்திருக்காங்க. உடம்பு தக்காணி, ஈத்துக்கு ரெட்டைக் குட்டி. நோஞ்சான்னு ஒதுக்கின ஆட்டுக்குள்ள இவ்வளவு பெரிய சொத்து இருந்திருக்குது பாருங்க.

அதனாலதான் கென்யாவுல நடந்ததை நினைச்சா எனக்குப் பதறுது. மாசாய் மக்கள்கிட்ட சிவப்பு மாசாய்னு ஒரு ஆடு. வயித்துப் புழுவைத் தாங்கும். டார்ப்பர் வந்ததும் கிடாவை வாங்கி எல்லாப் பெட்டை மேலயும் போட்டாங்க. முதல் கலப்புக் குட்டி கொழுகொழுன்னு வந்துச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். அப்படியே தலைமுறை தலைமுறையா டார்ப்பரே ஏத்திக்கிட்டுப் போனாங்க. இப்ப சுத்தமான சிவப்பு மாசாய் தேடினாலும் லேசுல கிடைக்கிறதில்லை. ஆராய்ச்சிக்காரங்க ஈரக் காத்து அடிக்கிற கென்யக் கடற்கரையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வளர்த்துப் பார்த்தாங்க. புழுவைத் தாங்குறதுலயும் சரி, மொத்த வரவுலயும் சரி, முந்தினது சிவப்பு மாசாய். காஞ்ச நிலத்துல டார்ப்பர் ராஜா. ஈர நிலத்துல அப்படி இல்லை.

இந்த நாட்டுலயும் பழைய ஆட்டுக்கு அதே கதிதான். இந்த மண்ணோட பூர்வகுடியான கொய்கொய் மக்கள் இரண்டாயிரம் வருஷம் முன்னாடியே செம்மறி வெச்சிருந்தவங்க. அந்த வழி வந்த நமாக்வா ஆஃப்ரிகானர்னு நீளக் கால், கொழுப்பு வால் ஆடு இப்ப ரொம்பக் கம்மி. அரசாங்க ஆராய்ச்சிப் பண்ணையில மந்தை வெச்சுக் காப்பாத்த வேண்டிய நிலைமைக்கு வந்துடுச்சு. எங்க குவாசூலு நேட்டால்ல சூலு ஆடு இருக்கு. சின்ன உடம்பு, காது சில ஆட்டுக்குத் துளியூண்டு. உண்ணிக்கு அசராது.

புழுன்னு சொன்னதும் ஒரு கைவேலை காட்டறேன், இதை இங்கதான் கண்டுபிடிச்சாங்க. பேரு ஃபமாச்சா. ஆட்டோட கீழ்க் கண்ணிமையை இப்படி மெதுவா இறக்கிப் பாருங்க. செக்கச்செவேல்னு இருந்தா ரத்தம் இருக்கு, வெளுத்திருந்தா ரத்தம் குடிக்கிற புழு இருக்க வாய்ப்பு அதிகம். அஞ்சு நிறம் போட்ட அட்டையோட ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. மந்தை முழுக்க ஊத்திக்கிட்டே இருந்தா, கொஞ்ச காலத்துல புழு மருந்துக்கே பழகிடும். அட்டையைப் பார்க்குறதை உங்க ஊர் கால்நடை மருத்துவர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பழகிட்டு ஆரம்பிங்க.

டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருந்து பார்க்கிற நம்ம ஆளுங்க கறியைப் பத்திக் கேட்டிருந்தீங்க. தமிழ்நாட்டுல எங்க ஊர்ல ஆட்டை வாங்கும்போது வாயைத் திறந்து ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததான்னு பார்ப்போம் இல்லைங்களா. இங்க சட்டமே அதை வெச்சுத்தான். நிலைப்பல் ஒண்ணும் முளைக்கலைன்னா ஏ, ஊதா முத்திரை. ஒண்ணு ரெண்டு முளைச்சா ஏபி, பச்சை. மூணுல இருந்து ஆறு வரைக்கும் பி, பழுப்பு. அதுக்கு மேல சி, சிவப்பு. ப்ராய்க்கு, அதான் தணல்ல சுடுற கறிக்கு, ஊதா எடுங்க. ஞாயித்துக்கிழமை உருளைக்கிழங்கு போட்டு மெதுவா வேக வெக்கிற மட்டன் குழம்புக்கு நான் எப்பவும் எலும்போட சிவப்பு முத்திரைதான் எடுப்பேன். நேரம் பிடிக்கும், ஆனா குழம்புல அந்த ருசி இறங்கும். விலையும் கம்மி.

இப்ப ஊருக்கு வர்றேன். எங்க அப்பா வெச்சிருந்தது மேச்சேரி. வெளிர் செம்பழுப்பு, கொம்பில்லை, முடி குட்டை. பெட்டை 22 கிலோ, கிடா 35 கிலோ பக்கம் வரும். டார்ப்பர் பக்கத்துல நிறுத்தினா சின்னதாத்தான் தெரியும். ஆனா கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துல கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலங் காயையும் தின்னுட்டு, வாங்கித் தர்ற தீவனம் இல்லாம வருஷம் முழுக்க நிக்கும். தோலுக்கு மேச்சேரியை மிஞ்சுறது கஷ்டம். தெற்க ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல், வேம்பூர் பொட்டாடு, வடக்க மெட்ராஸ் சிவப்பு. ஒவ்வொண்ணும் அந்தந்த மண்ணு பல தலைமுறையா சலிச்சு எடுத்தது.

டார்ப்பரே வேண்டாம்னு சொல்லலைங்க. கிடைச்சா, மந்தையில பாதிப் பெட்டைக்கு மட்டும் போடுங்க. முதல் ஈத்துப் பெட்டைக்கு வேண்டாம், குட்டி பெருசா வந்தா பிரசவத்துல தாயும் சேர்ந்து போயிடும். அந்தக் கலப்புக் குட்டியைக் கிடா, பெட்டைன்னு பார்க்காம கறிக்கு வித்துடுங்க. மிச்சப் பாதிக்கு நல்ல மேச்சேரிக் கிடா. நாளைக்குத் தாயா நிக்கப் போற பெட்டைக் குட்டி அதுல இருந்து வரணும். நல்ல கிடாவுக்கு சேலம் பக்கம் பொட்டனேரியில மேச்சேரி ஆராய்ச்சி நிலையம் இருக்கு, அங்க போய் விசாரிங்க.

ஒரு நோட்டும் போடுங்க. எந்தப் பெட்டை, எந்தத் தேதி ஈன்னுச்சு, ஒத்தையா ரெட்டையா, மூணு மாசத்துல குட்டி எத்தனை கிலோ, மருந்து ஊத்தினீங்களா இல்லையா. க்ரூட்ஃபொன்டேன்ல ஒவ்வொரு கலப்பையும் எடை போட்டு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தேறினதைத் தேர்ந்தெடுத்தாங்க. உங்க நோட்டுப் பக்கத்தை போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க, மேச்சேரியோ வேம்பூரோ எதுவானாலும் சரி. அடுத்த வீடியோவுல அதையெல்லாம் ஒண்ணா வெச்சுப் பேசறேன். பக்கி வந்துடுச்சு, கிளம்பறேங்க.