பத்ம விருது: வாசல் திறந்தாச்சு, உள்ளறை எப்போ?

[திரையில்: கர்த்தவ்ய பாதை, ஜனவரி மாதக் காலைப் பனி]

வணக்கம். டெல்லியில நம்மவங்க பாராட்டு விழா வச்சா, அழைப்பிதழ்ல பேருக்கு முன்னால 'பத்மஸ்ரீ'ன்னு கொட்டை எழுத்துல போட்டுடுவாங்க. அது விதிமீறல். அரசியல் சாசனம் 18ஆம் பிரிவு பட்டங்களைத் தடை செய்யுது. 1995 டிசம்பர்ல பாலாஜி ராகவன் வழக்குல உச்ச நீதிமன்றம், இந்த விருதுகள் பட்டம் இல்லை, அதனால செல்லும், ஆனா பேரோட ஒட்டிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. ஒட்டிக்கிட்டா விருதே பறிபோகலாம்.

[திரையில்: 1954 – 1977 – 1992]

1954ல ஆரம்பிச்ச விருதுகள் ரெண்டு தடவை நின்னிருக்கு. 1977ல ஜனதா அரசு நிறுத்திச்சு, 1980ல திரும்ப வந்தது. 1992ல வழக்குகளால நின்னது, மேலே சொன்ன 1995 தீர்ப்புக்கு அப்புறம்தான் திரும்ப வந்தது.

பெரிய மாற்றம் 2016ல இணையவழிப் பரிந்துரை வந்தது. யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத் தானேகூட. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர் பாம்புபிடி வல்லுநர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023ல பத்மஸ்ரீ கிடைச்சது.

[திரையில்: பரிந்துரைப் படிவம்]

மத்திய அரசோட விருது இணையதளமான ராஷ்ட்ரிய புரஸ்கார் தளத்துல பதிவு பண்ணிட்டு விவரக் குறிப்பு எழுதணும். அதிகபட்சம் 800 சொல். பெரும்பாலும் கோட்டை விடுறது இங்கதான். 'கருணைக் கடல், மாமனிதர்'னு வாழ்த்துமடல் வாசிப்பாங்க. அதைத் தூக்கிப் போடுங்க. எந்த வருஷம் தொடங்கினார், முன்னால நிலைமை என்ன, இப்போ எத்தனை பேருக்கு, எந்தெந்த ஊர்ல பலன், அதுக்கு என்ன ஆவணம்: இதுதான் வேணும். வேற இடத்துல வாங்கின விருதுகளுக்கு நாலு வரி தாராளம்.

யாருக்குக் கிடையாதுன்னும் பார்த்துக்கோங்க. சர்க்கார் வேலைக்குன்னே டெல்லி வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பணியில இருக்கிற அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர் தகுதி பெற மாட்டாங்க. டாக்டரும் விஞ்ஞானியும் விதிவிலக்கு. மறைந்தவங்களுக்குப் பொதுவா இல்லை. சமீபத்துல காலமானவங்களை அரிதா பரிசீலிப்பாங்க. கடைசித் தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும். ரொம்ப நாள் செப்டம்பர் 15ஆ இருந்தது, 2026 விருதுக்கு ஜூலை 31ன்னு முன்னால வந்தது. பழைய ஞாபகத்துல உட்கார்ந்திருக்காதீங்க.

[திரையில்: மூடிய கதவு]

அப்புறம்? அமைச்சரவைச் செயலாளர் தலைமையில ஒரு குழு. உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவரின் செயலாளர், 4 முதல் 6 பிரமுகர்கள். குழுவை வருஷா வருஷம் அமைக்கிறது பிரதமர். அவங்க பட்டியல் பிரதமர் வழியா குடியரசுத் தலைவருக்குப் போகும். இயல், இசை, மருத்துவம், விவசாயம், விளையாட்டு எல்லாத்தையும் ஒரே மேசையில வச்சு எடை போடணும். வருஷத்துக்கு 120தான் உச்சவரம்பு. மறைந்தவர்களும் வெளிநாட்டவரும் அதுல சேர மாட்டாங்க. விலக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்றதில்லை.

எங்க பார்வையில சீர்திருத்தம் இங்கதான் பாக்கி. துறைவாரியா சின்னக் குழுக்கள் முதல் சலிப்பு சலிக்கட்டும். மாநிலவாரியா எத்தனை பரிந்துரை வந்துச்சுன்னு வெளியிடட்டும். குழு உறுப்பினருக்கு வேண்டியவர் பேர் வந்தா அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போகட்டும், அதைக் குறிப்பேட்டுல எழுதட்டும். இதுக்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டாம். விருது விதிகளை நிர்வாக உத்தரவால மாத்தினாலே போதும்.

பாரத ரத்னா கதை வேற. அதுக்குப் படிவமே கிடையாது, பிரதமரே நேரடியாப் பரிந்துரைப்பார். வருஷத்துக்கு 3 பேர்தான்னு வரம்பு. ஆனாலும் 2024ல 5 பேருக்கு அறிவிச்சாங்க.