பௌர்ணமியும் பால் தூக்கும்: பேஸ் மாடலா, டாப் மாடலா?

வணக்கம். படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள், நிற்கும் இடம் அப்படி. எண்ணூர் விரைவுச்சாலை ஓரத்தில் நிற்கிறேன். பின்னால் கருங்கல் கொட்டிய கடற்கரை. முன்னால் துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். இதற்கு விரைவுச்சாலை என்று பெயர் வைத்தவர் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். ஒரே கார், ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ். ஆனால் வசதிகள் குறைந்த பேஸ் மாடலுக்கும் எல்லா வசதியும் உள்ள டாப் மாடலுக்கும் இடையில் சில லட்சம் ரூபாய் வித்தியாசம். அந்தப் பணத்துக்குப் பயணம் சொகுசாகிறதா? மைலேஜ் கூடுகிறதா, குறைகிறதா? ஷோரூமில் கேட்டால் சன்ரூஃபைத் திறந்து காட்டுவார்கள். அதனால் நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி, மேனுவல் கியர், கீழிருந்து இரண்டாவது வேரியண்ட். தங்கை கணவரிடம் அதே வண்டியின் டாப் வேரியண்ட். அதே எஞ்சின், அதே மேனுவல். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் வண்டியை விட்டுவிட்டு நிறுவனத்துக்காகச் சண்டை போடுவீர்கள்.

சோதனைக்கு எந்தச் சாலை என்று யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. பௌர்ணமி தோறும் அம்மாவை மூன்று அம்மன் தரிசனத்துக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். காலையில் மீஞ்சூர் அருகே மேலூரில் திருவுடையம்மன், உச்சிவேளைக்குத் திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன். ராயபுரத்திலிருந்து கிளம்பித் திரும்பி வந்தால் மீட்டரில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். நெரிசல், நெடுஞ்சாலை, ரயில்வே கேட், மேம்பாலம், பெயர் தெரியாத வேகத்தடைகள் எல்லாம் அதில் உண்டு. மணலியைத் தாண்டிப் பொன்னேரி நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும், லாரிச் சக்கரங்கள் அழுத்தி அழுத்தித் தார் இரண்டு பக்கமும் வாய்க்காலாகக் குழிந்து, நடுவில் வரப்பு போல எழும்பி நிற்கும். அதில் நேராக ஓட்டினால் வண்டி ரயில் போலத் தண்டவாளம் பிடித்து ஓடும். விலகினால்தான் ஆபத்து.

அளவுகோல் என்ன என்று கேட்பீர்கள். அம்மாவின் மடியில் இருக்கும் பால் தூக்குதான். அபிஷேகத்துக்கு அரை லிட்டர் பால், பாட்டி காலத்து எவர்சில்வர் தூக்கு. மூடி சரியாக உட்காராது. புதிதாக வாங்கித் தருகிறேன் என்றால் அம்மா கேட்பதில்லை. எந்தக் கருவியும் இதைவிட நேர்மையாக இருக்காது.

முதல் பௌர்ணமிக்கு என் வண்டி. மேலூர் போய்ச் சேர்ந்தபோது மூடி விளிம்பில் நாலைந்து சொட்டுதான் இருந்தது. அம்மா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அதுவும் ஒரு அளவுகோல்தான். முதுகு வலித்தால் அவர் பேசமாட்டார், முருகா என்று மட்டும் சொல்வார்.

அடுத்த பௌர்ணமிக்கு டாப் மாடல். ஏறி உட்கார்ந்ததுமே அம்மா முகம் மலர்ந்துவிட்டது. பின்சீட்டில் நடுவே கை வைக்க இடம், கண்ணாடிக்கு இழுத்துவிடும் திரை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். ஆனால் மணலி தாண்டியதும் பேச்சு நின்றது. புதுநகர் வருவதற்குள் இரண்டு முருகா. மேலூரில் இறங்கும்போது புடவையில் உள்ளங்கை அகலத்துக்குப் பால். “வண்டி எப்படியம்மா இருக்கிறது?” என்று கேட்டேன். “மாப்பிள்ளை வண்டிக்கு என்ன குறை? ராஜா மாதிரி இருக்கிறது” என்றார். மாப்பிள்ளை வண்டியை எந்த மாமியார் குறை சொல்வார்? நான் புடவையைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அன்று இரவு டயரைக் குனிந்து பார்த்தேன். என் வண்டியில் 205/65 ஆர்16. டாப் மாடலில் 215/60 ஆர்17. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் பாதி விவாதம் முடிந்துவிடும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 205-இல் 65 சதவீதம் என்றால் 133 மில்லிமீட்டர். 215-இல் 60 சதவீதம் 129. ரப்பரும் காற்றும் சேர்ந்த அந்தச் சுவர்தான் பள்ளத்தின் முதல் அடியை வாங்குகிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த சஸ்பென்ஷன் அதற்குப் பிறகு. சுவர் நான்கு மில்லிமீட்டர் குறைவு, ரிம் ஒரு அங்குலம் பெரிது. ஆனால் நான்கு மில்லிமீட்டருக்கு உள்ளங்கை அகலப் பாலா? கணக்கு உதைத்தது.

உடனே ஒரு முடிவுக்குத் தாவிவிடாதீர்கள். டாப் மாடல் என்றாலே சுவர் மெலியும் என்று ஒரு பேச்சு உலவுகிறது, அது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. டாடா நெக்ஸானில் கீழ் வேரியண்ட்களுக்கு 195/60 ஆர்16, மேலே 215/60 ஆர்16. ரிம் ஒன்றுதான், ஆனால் சுவர் 117 மில்லிமீட்டரிலிருந்து 129-ஆகக் கூடுகிறது. அங்கே டாப் மாடலுக்குத்தான் தடித்த மெத்தை. ஹூண்டாய் வென்யூவின் 2022 மாடலில் 195/65 ஆர்15, 215/60 ஆர்16 என்று இரண்டு அளவு. சுவர் உயரம் 127, 129. ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வேரியண்ட் பெயரை விட்டுவிட்டு டயரின் எண்ணைக் கேளுங்கள்.

சஸ்பென்ஷன் மாறாதா என்றால், இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் மாறுவதில்லை. முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக மெக்பர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டுக்கும் பொதுவாக டார்ஷன் பீம் என்ற உத்திரம். பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒரே உத்திரம் இணைப்பதால், இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் வலது பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் செய்தி போய்விடும். பேஸ் மாடலிலும் அதே உத்திரம்தான். இன்னொன்று, இந்த ஸ்பிரிங்குகள் ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏற்றினாலும் தாங்கும்படி அமைக்கப்பட்டவை. நீங்கள் தனியாக டெஸ்ட் டிரைவ் போனால் பின்பக்கம் துள்ளத்தான் செய்யும். அடுத்த முறை ஷோரூமுக்கு வீட்டிலுள்ள பெரியவர்களைக் கூட்டிப்போங்கள். அவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து, நீங்களும் கொஞ்சதூரம் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து சொகுசைத் தீர்மானிப்பது, அடுப்பங்கரையில் நின்றுகொண்டு விருந்தைப் பற்றிப் பேசுவது போல.

சரி, பால் ஏன் சிந்தியது? மறுநாள் காலை, வண்டி நகர்வதற்கு முன், டயரில் காற்றழுத்தம் பார்த்தேன். நான்கிலும் 40 பி.எஸ்.ஐ.! கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 33 என்று போட்டிருக்கிறது. காற்று பிடிக்கும் இடத்தில் “பெரிய வண்டி, நாற்பது இருக்கட்டும் சார்” என்று சொல்லியிருக்கிறார்கள், தங்கை கணவரும் தலையாட்டியிருக்கிறார். 40-க்கு ஏற்றிய டயர் கிரிக்கெட் பந்து போல. சுவர் எத்தனை மில்லிமீட்டர் இருந்தும் பயனில்லை. நடுப்பகுதி மட்டும் தரையில் உரசி அங்கேயே தேயும், பிரேக் பிடிக்கும்போது பிடிமானமும் குறையும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் தானாகவே சில பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும் என்பதால் காலையில் பார்ப்பதுதான் சரி.

மூன்றாவது பௌர்ணமி. அதே டாப் மாடல், 33 பி.எஸ்.ஐ. அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. மேலூரில் மூடியைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம், புடவை காய்ந்தே இருந்தது. என் வண்டி அளவுக்கு இல்லை. விளிம்பு கூர்மையான சின்னப் பள்ளங்களில் 17 அங்குல ரிம் ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு இறங்கியது, என் வண்டியில் அந்தச் சத்தம் மழுங்கித்தான் கேட்கும். ஆனால் நெடுஞ்சாலையின் நீண்ட அலைகளில் இரண்டும் ஒன்றுதான். கண்ணைக் கட்டி உட்கார வைத்தால் என்னால் சொல்ல முடியாது.

நடுவில் ஒரு பெருமையைச் சொல்லிக்கொள்கிறேன். டயர் என்று பேசினால் அது எங்கள் ஊர்க் கதை. எம்.ஆர்.எஃப். 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கியது இதே திருவொற்றியூரில்தான். பெட்ரோலுக்கு மணலியில் சுத்திகரிப்பு ஆலை, 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்று உருவான நிறுவனத்துடையது. டயரும் பெட்ரோலும் நாங்கள் கொடுப்போம். சாலையை மட்டும் யாராவது கொடுங்கள்.

இனி மைலேஜ். டேங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்தி, ஓட்டி முடித்து அதே பங்கில் அதே பம்பில் மறுபடி நிரப்பிக் கணக்கிட்டேன். டேஷ்போர்டு காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. என் வண்டி லிட்டருக்கு 14.1 கிலோமீட்டர். டாப் மாடல் 40 பி.எஸ்.ஐ.யில் 13.8, 33-இல் 13.5. ஆம், அழுத்தம் கூடினால் உருளும்போது டயர் குறைவாக நசுங்குவதால் மைலேஜ் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. அந்தக் கொஞ்சத்துக்கு அம்மாவின் முதுகைக் கொடுக்க நான் தயாரில்லை. அகலமான டயர், கனமான சக்கரம், சன்ரூஃபும் மற்றதும் சேர்க்கும் எடை, எல்லாம் டாப் மாடலுக்கு எதிராக வேலை செய்கின்றன. ஆனாலும் இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்காதீர்கள். மணலி சிக்னலில் பத்து நிமிடம் ஏசியோடு நின்றால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

பேஸ் மாடலை வாங்கிவிட்டு வெளியே 17 அங்குல அலாய் சக்கரம் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் டயரின் மொத்த விட்டம் 673 மில்லிமீட்டர், அந்தப் பெரிய டயரின் விட்டம் 690. மாற்றினால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டரை சதவீதம் கூடுதல் தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. நீங்கள் 102.5 கிலோமீட்டர் ஓட்டியிருப்பீர்கள், அது 100 என்று காட்டும். பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்று மெக்கானிக்கைத் திட்டுவீர்கள்.

விளம்பரத்தில் வரும், வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் மைலேஜ் எண்ணோடு என் 14-ஐ ஒப்பிட வேண்டாம். அந்தச் சோதனை ஆய்வகத்துக்குள், உருளைகள் மேல், ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பது. கன்டெய்னர் லாரி எதுவும் குறுக்கே வராது. ஆனால் ஒரே நிறுவனத்தின் வேரியண்ட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது உதவும். மாருதி பிரெஸ்ஸாவில் கீழ் வேரியண்ட் மேனுவலுக்கு 17.38, மேல் வேரியண்டான இசட்எக்ஸ்ஐ மேனுவலுக்கு 19.89. எஞ்சின் ஒன்றுதான், ஆனால் மேலே மைல்டு ஹைபிரிட், அதாவது எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும் சின்ன மின்மோட்டார் உண்டு. இங்கே டாப் மாடலுக்கு மைலேஜ் கூடுகிறது, பார்த்தீர்களா? கிராண்ட் விட்டாராவில் மைல்டு ஹைபிரிட் மேனுவல் 21.11, ஸ்ட்ராங் ஹைபிரிட் 27.97. அதில் எஞ்சினே வேறு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சினை அணைத்து பேட்டரியில் நகரும், பிரேக் பிடிக்கும்போது சக்தியைத் திரும்பச் சேமித்துக்கொள்ளும். நின்று நின்று போகும் வடசென்னைக்கு அது பொருந்தும்.

பொருந்தும் என்பதற்காக உடனே வாங்கிவிடாதீர்கள், கணக்குப் போடுங்கள். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், நம் நெரிசலில் ஸ்ட்ராங் ஹைபிரிட் இல்லாத வண்டி லிட்டருக்கு 12 கொடுக்கிறது, ஸ்ட்ராங் ஹைபிரிட் 20 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 83 லிட்டருக்குப் பதில் 50 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 3,300 மிச்சம். விலையில் இரண்டு லட்சம் வித்தியாசம் இருந்தால் அது திரும்ப ஐந்து வருடம் ஆகும். மாதம் முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் பேரப்பிள்ளைக்காகச் சேமிக்கிறார் என்று அர்த்தம்.

சன்ரூஃப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எண்ணூரில் ஒரு தடவை திறந்தோம். அன்று சீட்டைத் துடைத்தது நான்தான்.

ஸ்டெப்னியையும் பார்த்துவிடுங்கள். தங்கை கணவரின் வண்டியில் நான்கு சக்கரமும் 17 அங்குல அலாய், டிக்கியில் இருப்பது 16 அங்குல இரும்பு ரிம். மேலே 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கர். லாரிகளிலிருந்து விழும் போல்ட்டும் ஆணியும் நிறைந்த நம் பக்கத்தில் பஞ்சர் எப்போது வேண்டுமானாலும் வரும். என் வண்டியில் ஐந்தும் ஒரே அளவு.

எனக்கு மறுபடி வாங்கும் வாய்ப்பு வந்தால் நடு வேரியண்ட் எடுப்பேன். 16 அங்குல டயர் இருக்க வேண்டும், பின்சீட்டுக்கு ஏசி காற்றுத் துவாரம் இருக்க வேண்டும். என் வண்டியில் அந்தத் துவாரம் இல்லை. மூன்றாவது பௌர்ணமியன்று, திருமுல்லைவாயிலிலிருந்து திரும்பும் வழியில், மாதவரம் ரவுண்டானா நெரிசலில் நிற்கும்போது அம்மா அந்தத் துவாரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார், “உன் வண்டியில் இதை மட்டும் மாட்டித் தர மாட்டார்களா?”

விசாரித்தேன். மாட்ட மாட்டார்களாம். கிளிப் மாட்டும் சின்ன மின்விசிறி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த பௌர்ணமிக்குப் பார்ப்போம். லாரி நகர்கிறது, நானும் கிளம்புகிறேன்.