நகம் போகிற இடைவெளி

(கோட்டையூரில் ஒரு பழைய வீட்டு வளவில், சனிக்கிழமை சாயங்காலம் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் பேசியபடியே எழுதியிருக்கிறேன். மைக் இரண்டு தடவை உயிரை விட்டதை மட்டும் விட்டுவிட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே "ரயில் மாதிரிக் கலைஞர்" என்று போட்டிருக்கிறார்கள். கலைஞரெல்லாம் இல்லை, மாடியில் பொம்மை ரயில் ஓட்டுகிறவன். எங்கள் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள், கொரியர் பையனுக்கு வழி சொல்லும்போதுகூட "பொம்மை ரயில்காரர் வீட்டுக்கு எதிர்த்தாப்ல" என்றுதான் சொல்கிறார்கள், எதிர்வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்வது 1:87 அளவு. நிஜத்தில் 87 மில்லிமீட்டர் இருப்பது என் மேசையில் ஒரு மில்லிமீட்டர். உலகம் முழுக்க ரொம்பப் பேர் வைத்திருக்கிற அளவு இது, ஆனால் நம் ஊருக்கு இதில் ஒரு தலைவலி இருக்கிறது. வெளிநாட்டில் விற்கிற தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம், அது அவர்கள் ஊர் 1435 மில்லிமீட்டர் பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதை 1676. அதை 87ஆல் வகுத்தால் 19.26 வர வேண்டும், அந்த அளவில் கடையில் ஒன்றும் கிடைக்காது. அதனால் இங்கே பலபேர் குறுகின தண்டவாளத்தில் நம் ஊர் வண்டியை நிறுத்தி ஓட்டுகிறார்கள், பார்க்க அப்பா சட்டையைப் போட்ட பையன் மாதிரி இருக்கும். நான் தப்பித்தது மீட்டர் கேஜால், அதாவது ஒரு மீட்டர் அகலப் பழைய பாதையால். 1000 மில்லிமீட்டரை வகுத்தால் பதினொன்றரை, கடையில் 12 கிடைக்கிறது. அந்த அரை மில்லிமீட்டரை நான் மன்னித்துவிட்டேன். மன்னிக்காதவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு நான் டீ குடிக்கப் போவதில்லை.

என் மாடியில் இருப்பது 1970களின் காரைக்குடி ஸ்டேஷன், ஒரு பக்கம் கோட்டையூர், மறுபக்கம் தேவகோட்டை ரஸ்தா. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள தூரத்தை நியாயமாகச் செய்ய முடியாது. நிஜத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் 1:87இல் பதினொன்றரை மீட்டர். ஐந்து கிலோமீட்டருக்கு 57 மீட்டர் வேண்டும். ஒரு தெருவில் முகப்பு வைத்து அடுத்த தெருவில் கொல்லை வைக்கிற நம் ஆட்களிடம் சொன்னால் மட்டும்தான் "அதனால என்ன, இருக்கே" என்பார்கள். (சிரிப்பு.) எனக்கு இருப்பது நாலு மீட்டர் அறை. அதனால் கோட்டையூரும் காரைக்குடியும் என் வீட்டில் கைநீட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

தினமும் என்ன செய்வாய் என்று கேட்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் கரண்ட் இருந்தால் ஒரு மணி நேரம். கிரஷர் தூளை டீ வடிகட்டியில் சலித்தால் மேலே நிற்பது பெரிய ஜல்லி, கீழே விழுந்ததில் பாதி சின்ன ஜல்லி, மீதி தூசு. ஜல்லியைத் தண்டவாளத்துக்கு நடுவே பிரஷ்ஷால் பரப்பி, ஃபெவிகாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பாத்திரம் விளக்குகிற சோப்பு ஒரு சொட்டு விட்டு, மருந்து விடுகிற பில்லரால் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை ஜல்லிமேல் முத்து மாதிரி உருண்டு நிற்கும், உள்ளே இறங்காது. ஒரு அடி நீளத்துக்கு ஒரு சாயங்காலம் போகும். புதர்களுக்குப் பீர்க்கங்காய் நார். மரம் என்று பார்த்தால் நம் சிவகங்கைச் சீமையில் பாதையோரம் நிற்பது சீமைக்கருவேலம்தான், அதற்கு அதன் வேர்நுனியையே ஒடித்து நட்டால் போதும். ஒய்.பி. என்கிற மீட்டர் கேஜ் நீராவி என்ஜின், முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு, அதைப் பித்தளைத் தகட்டில் நானே வெட்டி ஒட்டினேன், ஒன்றரை வருஷம் ஆனது. விசில் இருக்கிற இடத்தில் பால்பாயின்ட் ரீபில் முனை. யாரும் கண்டுபிடித்ததில்லை, இப்போது நானே சொல்லிவிட்டேன்.

அப்பா காரைக்குடி ஸ்டேஷனில் பாயின்ட்ஸ்மேன், வண்டிக்குத் தடம் மாற்றிவிடுகிறவர். ஒற்றைப் பாதை என்பதால், எதிரே வேறு வண்டி வராது என்பதற்கு அடையாளமான டோக்கன் இல்லாமல் வண்டி நகராது. வளையத்தில் கட்டிய தோல்பையில் அந்த டோக்கனான இரும்புப் பந்தை வைத்து, ஓடுகிற என்ஜினில் டிரைவர் கைக்கு எட்டுகிற மாதிரி தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்பாவின் வலது முன்கையில் அந்த வளையம் பட்ட தழும்பு கடைசிவரை இருந்தது. அதனால் ரயில் எனக்கு வந்த வழி உங்களுக்குப் புரியும். ஆனால் மேசையின் இன்னொரு ஓரத்தில் எதற்குக் கடல் வைத்திருக்கிறேன் என்றுதான் வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்வியே இல்லை அது, அதுவும் இந்த வளவில் உட்கார்ந்துகொண்டு. நீங்கள் சாய்ந்திருக்கிற இந்தத் தேக்குத் தூண் பர்மாவில் மரமாக நின்றது, கப்பலில்தான் வந்தது. நம் ஊரில் ரயிலும் கப்பலும் தனித்தனி இல்லை. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக 1929இல் ஆரம்பித்து 1930இல் மானாமதுரை வரை பாதை வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு போட் மெயில் நம் வாசல் வழியாகத்தான் போனது. சென்னையில் ஒரு டிக்கெட் எடுத்தால் போதும், 1914இல் திறந்த பாம்பன் பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். இர்வின், கோஷன் என்று அந்தக் கப்பல்களின் பெயரைச் சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று, கப்பல் ராமேஸ்வரத்துக்கு இடம் மாறியது, பிறகு அதுவும் நின்றது. ஆனால் பேர் நிற்கவில்லை பாருங்கள். இன்றைக்கும் ராத்திரி எழும்பூரில் ஏறுகிறவர்கள் "போட் மெயில்ல வர்றேன்" என்றுதான் வீட்டுக்கு போன் பண்ணுகிறார்கள். போட் இல்லாத போட் மெயில். கிழக்கே மலாயா பக்கம் போனவர்கள் வீட்டில் கேட்டால் ரஜூலா என்பார்கள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கில் இறங்கியவர்களின் பெட்டிகள் இங்கே எத்தனை வீட்டுப் பரணில் இருக்கின்றன!

இவையெல்லாம் ஏறிப் போனவர்களின் கதை. என் வீட்டில் இருந்தது கட்டியவர்களின் கதை. அம்மாவுக்குத் தூத்துக்குடி. அம்மாவின் அப்பா ஓடாவி. கப்பல் கட்டுகிற தச்சரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். முழுப்பரீட்சை லீவில் மானாமதுரையில் மாறி, மதுரையில் மாறி, மணியாச்சியில் வண்டி நிற்கும்போது அப்பா தவறாமல் "இங்கதான் ஆஷ் துரையை வாஞ்சி சுட்டது" என்று சொல்ல, தூத்துக்குடி போய் இறங்குவோம். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்து கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர். தாத்தாவுக்கு அதில் பெருமை உண்டு, ஒரு குறையும் உண்டு. "விட்டது பெரிய காரியம்தான், ஆனா அந்தக் கப்பல் நம்ம கட்டுனது இல்லல்லா" என்பார்.

தாத்தா கட்டியது தோணி. நூறு அடி நீளம் வரும், பாய்மரத்தோடு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டு போகும். கடற்கரை மணலிலேயே கட்டுவார்கள். முதலில் ஏரா, அதாவது முதுகெலும்பு மாதிரி அடியில் நீளமாக ஓடுகிற மரம். அதிலிருந்து இரண்டு பக்கமும் வங்குகள், நம் விலா எலும்பு மாதிரி. வங்குக்கு நேரான மரத்தை வளைத்தால் நிற்காது, வளைந்தே வளர்ந்த நாட்டுக்கருவேலமாகத் தேடிப் பிடிக்க வேண்டும். தாத்தா எங்களோடு நடந்து வரும்போது மரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார், நிழலுக்காக இல்லை, எந்தக் கிளை எந்த வங்குக்கு ஆகும் என்று. வரைபடம் கிடையாது. என்னிடம் ஒரு பிளாட்பார்முக்கே பதினாலு வரைபடம் இருக்கிறது. அவர் அணியத்தில், அதாவது தோணியின் முன்முனையில் நின்று ஒற்றைக் கண்ணை மூடி, பின்முனையான அமரம் வரை ஒரு பார்வை பார்ப்பார், "எடது பக்கம் ரெண்டாவது பலகைய எறக்கு" என்பார், அவ்வளவுதான்.

இந்த மாதிரி கைவேலையைச் சும்மா உள்ளூர் வேலை என்று நினைக்கக் கூடாது. எதிர்க்கரையில் வல்வெட்டித்துறையில் நம் தமிழ் ஓடாவிகள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், ஒரு அமெரிக்கர் வாங்கிப் பேர் மாற்றி, 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. தாத்தா அதைத் தன் சொந்தக்காரன் கட்டியது மாதிரி சொல்வார். இல்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

எனக்கு நன்றாக நினைவிருப்பது கலப்பத்து அடிப்பது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சை முறுக்கி வைத்து, உளியை வைத்து, கொட்டாப்புளியால் அடித்து உள்ளே இறக்குவது. நாலைந்து பேர் தோணியின் ஒரே பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து அடிப்பார்கள், டொக் டொக் என்று அந்தச் சத்தம் வீடு வரை கேட்கும். அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். கை கழுவினாலும் வாடை போகாது, ராத்திரி சோற்றிலும் அது இருக்கும். ஒருநாள் நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று இரண்டு துண்டுப் பலகையை இறுக்கிச் சேர்த்து வைத்துக் காட்டினேன், ஊசிகூட நுழையாது. தாத்தா பிரித்துப் போட்டுவிட்டார். "ஏல, நடுவுல நகம் போவணும். போவலன்னா தண்ணியில எறங்குனதும் பலகை ஊதி, ஆணிய பிடுங்கிக்கிட்டு வெளிய வந்துரும்." எனக்கு அப்போது புரியவில்லை. கப்பல் என்றால் ஓட்டையை அடைப்பதுதானே, இவர் எதற்கு ஓட்டை விடச் சொல்கிறார்?

அவர் ஒரே ஒரு தடவைதான் காரைக்குடிக்கு வந்தார். வீட்டில் உட்காரப் பிடிக்காமல் அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனார், நானும் போனேன். பிளாட்பார்ம் முடிகிற இடத்தில், வண்டி வர நேரம் இருக்கிறது என்று அப்பா சொன்ன பிறகு, கீழே இறங்கி தண்டவாளத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். இரண்டு தண்டவாளத் துண்டு சேருகிற இடத்தில் அவற்றைப் பிணைக்கிற ஃபிஷ் பிளேட் தகடும் நாலு போல்ட்டும் இருக்கும், நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "மருமகனே, இவுகளும் எடம் விட்டிருக்காகளே" என்றார். அப்பா, வெயிலில் இரும்பு நீளும், அதற்காக விடுவது என்றார். தாத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "எங்களுக்குத் தண்ணி, ஒங்களுக்கு வெயிலு" என்று சொல்லிவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மாமனாரும் மருமகனும் அதற்கு முன் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது தடக் தடக் சத்தம் அந்த இடைவெளியால்தான் வருகிறது என்று அப்பா விளக்கிக்கொண்டே வந்தார், மீட்டர் கேஜில் ஒரு தண்டவாளத் துண்டு பன்னிரண்டு மீட்டர், எண்ணிக்கொண்டே போனால் வண்டியின் வேகத்தைச் சொல்லிவிடலாம் என்று.

இவ்வளவும் நேரில் பார்த்தவன் நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மேசையில் நாலு மீட்டர் தண்டவாளத்தையும் ஒரே துண்டாகப் பற்றவைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பையும் தேய்த்து, விரல் வைத்தால் தெரியாத மாதிரி. மார்கழியில் செய்த வேலை. சித்திரையில் கொப்புடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து மாடிக் கதவைத் திறந்தால், கோட்டையூர் பக்கம் தண்டவாளம் பாம்பு மாதிரி பக்கவாட்டில் நெளிந்து கிடக்கிறது, அடித்த ஆணி எல்லாம் தெறித்து ஜல்லிமேல், ஒய்.பி. குப்புற. வெயிலில் இவ்வளவு நீளுமா என்று கணக்குப் போட்டேன். நிக்கல் சில்வர், பேரில்தான் சில்வர், உள்ளே தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும்தான், பக்கத்து வீட்டு ஆச்சி இன்னும் நம்பவில்லை. அது நாலு மீட்டர் நீளத்துக்கு, இருபது டிகிரி சூடு ஏறினால், ஒன்றரை மில்லிமீட்டர்கூட நீளாது. அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு முனையையும் கட்டிப்போட்டு, அந்தக் கூடுதல் நீளம் முழுக்க ஒரு மீட்டருக்குள் வெளியே வந்தால் பக்கவாட்டில் இரண்டு சென்டிமீட்டர் துருத்தும். என் அளவில் அது ஒரு முழு ஆள் உயரத்துக்கும் மேல்.

அத்தனையையும் பிரித்தேன். இப்போது 138 மில்லிமீட்டருக்கு ஒரு இடைவெளி, பன்னிரண்டு மீட்டரை 87ஆல் வகுத்தது. அதில் பெரும்பாலானவை ரம்பத்தால் மேலாகக் கீறியவை, சத்தத்துக்காக. ஒரு மீட்டருக்கு ஒன்று மட்டும் நிஜமாகவே வெட்டியது. இந்த அளவில் நகம் போகாது, கல்யாணப் பத்திரிகை அட்டை போகும்.

கடல் ஓரத்துக்கு இப்போது ஒரு தோணி கட்டிக்கொண்டிருக்கிறேன். நூறு அடி என்பது 35 சென்டிமீட்டர். வங்குக்கு முருங்கைக் குச்சி பார்த்தேன், ஒடிகிறது, வேப்பங்காம்பு பரவாயில்லை. பலகைகளுக்கு நடுவே இடம் விட்டு, தையல் நூலைப் பிரித்து ஒரு இழை எடுத்து, ஊசியின் பின்பக்கத்தால் தள்ளினேன். தாத்தாவின் கலப்பத்து உளி வீட்டில் இருக்கிறது, அதன் வாய் மட்டுமே என் தோணியின் கால்வாசி அகலம். போன புதன்கிழமை அண்டாவில் தண்ணீர் நிரப்பி மிதக்கவிட்டேன். ராத்திரிக்குள் பாதி முழுகிவிட்டது. என் மனைவி, "என்னங்க, அண்டா நாளைக்கு வேணும்" என்றாள். எடுத்து, தண்ணீரைக் கொட்டி, பலகை காயாமல் ஈரத்துணி சுற்றிவைத்து, மறுநாள் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினேன். நேற்று ராத்திரி உள்ளே ஒரு ஸ்பூன் தண்ணீர்தான் இருந்தது.

இன்னும் வாளியில்தான் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வாருங்கள். மாடிப்படி செங்குத்து, பெரியவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறவும்.